அக்கா விட்டுக் குடுத்துருவாக

கடலாடி
26 மே 2025

ரெக்ஸ்,

உன் நம்பரை ப்ளாக் பண்ணிட்டேன். கேம்ல நம்ம 'கச்சான்' குழுவுல இருந்தும் வெளியே வந்துட்டேன். வேற யார் ஃபோன்ல இருந்தும் கூப்பிடாதே. பேச்சுன்னா நீ சிரிச்சே மழுப்பிருவ. நாம நேர்ல பார்த்ததில்லையே தவிர, நாலு வருஷமா ஹெட்ஃபோன்ல உன் சிரிப்பைக் கேட்டவ நான். அதனாலதான் மெயில். எழுதினது எழுதினபடி நிக்கும்.

நேத்து நடந்ததை நான் பார்த்தபடி சொல்றேன். தப்பு இருந்தா திருத்து.

இந்தக் கோடை முழுக்க அந்த ஒரே ராட்சசனை அடிச்சோம். உங்க கடலுக்குத் தடைக்காலம், என் பள்ளிக்கூடத்துக்கு லீவு, வேற என்ன வேலை. நீ முன்னாடி நின்னு அடி வாங்குவ. நான் பின்னாடி நின்னு உங்க எல்லார் உயிரையும் ஏத்திக்கிட்டே இருப்பேன். நேத்து அவன் விழுந்தான். பெட்டி திறந்துச்சு. உள்ளே ஹீலருக்கான கைத்தடி. குழுவுல ஹீலர் நான் ஒருத்திதான்.

குழு ஆரம்பிச்ச அன்னைக்கு நீ வச்ச சட்டத்தை நான் இன்னும் மறக்கலை. விழுற பொருள் யாருக்கு வேலைக்கு ஆகுமோ அவங்களுக்கு. ரெண்டு பேருக்கு ஆகும்னா பகடை உருட்டணும். போன தடவை வாங்கினவங்க ஒதுங்கி நிக்கணும். நேத்து பகடைக்கே வேலை இல்லை. சபீர் "அக்கா, வாழ்த்துகள்"னு எழுதியே முடிச்சுட்டான். தலைவன் நீ, பெட்டியில இருந்து எடுத்துக் குடுக்கிற அதிகாரம் உன்கிட்ட இருக்குன்னு நான் காத்திருந்தேன்.

அப்ப சகாயவினோத் மைக்ல சொன்னான், "ரெக்ஸ் அண்ணே, அது எனக்கு."

வாள் வீசுறவனுக்குக் கைத்தடி எதுக்குன்னு சபீர் கேட்டான். வினோத்துக்குப் பதிலா நீதான் சொன்ன. "லட்சுமி அக்கா விட்டுக் குடுத்துருவாக. அவுகளுக்கு இதெல்லாம் பெரிசில்ல."

மைக்கை அணைச்சுட்டு எந்திருச்சுப் போய் முகத்தைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். மேல ஏதோ பிசுக்கு ஒட்டிக்கிட்ட மாதிரியே இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டு, "பொம்மைச் சண்டைக்கு ஏன்டி இப்படி ஆகுற"ன்னாக. சொன்னா அவுகளுக்குப் புரியாது.

உனக்காவது புரியணும். கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து இந்த வீட்டுல யாரும் என்கிட்ட எதையும் கேட்டு வாங்கினது கிடையாது. என் சங்கிலி நாத்தனார் கழுத்துக்குப் போச்சு. என் பேருக்கு வந்த மதுரை வேலை தபாலோட நின்னுச்சு. எல்லாத்துக்கும் ஒரே சொல்தான். லட்சுமி விட்டுக் குடுத்துருவா. அந்தச் சொல் காதுல விழாத ஒரு இடம் இருக்குன்னு நெனச்சுத்தான் உங்ககூட வந்து உக்காந்தேன்.

கைத்தடி போனாப் போகுது. என் வாய்ல இருந்து வர வேண்டியதை நீ உன் வாயால சொன்ன பாரு, அதை நெனச்சாத்தான் கொமட்டுது.

முருகலட்சுமி


தங்கச்சிமடம்
28 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு ரெக்ஸ் எழுதுறது.

நான் எங்கக்கா எழுதுறேன். ஃபோன்ல பேசுறேன், அதுவா எழுத்தாக்கிக்கிருது. பக்கத்துல வீட்டுக்காரி லீமாரோஸ் மிக்ஸி போடுறா, அது வேற நடுவுல புகுந்து எழுதிருச்சுன்னா கோவிச்சுக்காதீங்க.

உங்க மெயிலை ரெண்டு வாட்டி படிச்சேன். இம்புட்டுக் கோவம் வரும்னு சத்தியமா நெனைக்கலை. நான் உங்களைப் பெரிய மனசுக்காரவுகன்னு எல்லாருக்கும் முன்னால சொன்னேன், அவ்வளவுதான். கெடுதலா ஒண்ணும் சொல்லலையே.

குழு நிக்கணும்ல அக்கா. வினோத் போனா அவன் கூட்டியாந்த பயலுக மூணு பேரும் போயிருவாங்க. மிச்சம் இருக்கிற நாம நாலஞ்சு பேரும் சேந்து நண்டு கூட அடிக்க முடியாது. ஒரு கைத்தடியைக் குடுத்துக் குழுவைக் காப்பாத்தினேன்னு வச்சுக்கங்களேன். அதே பாஸ் ராட்சசனை மறுபடி அடிப்போம். மறுபடி விழும். விழுந்தா உங்களுக்குத்தான், வேற பேச்சே இல்ல.

அதுவரைக்கும் என் கேடயத்தை வேணா எடுத்துக்கங்க. ஹீலர் கேடயம் தூக்க முடியாதுன்னு சொல்லுவீக. வீட்ல மாட்டி வைங்க.

சபீரு அன்னைக்கில இருந்து மூஞ்சியத் தூக்கிட்டுத் திரியிறான். நீங்க வந்தா எல்லாம் சரியாயிரும். நீங்க இல்லாம நேத்து ஒரு சின்னக் குகைக்குள்ள போயி அஞ்சே நிமிசத்துல மொத்தப் பேரும் செத்துட்டோம்.

லீமாரோஸ் கேட்டதாச் சொல்லச் சொன்னா.

உங்க தம்பி
ரெக்ஸ்


கடலாடி
29 மே 2025

ரெக்ஸ்,

நீ எழுதினதுல எனக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு. நான் கோபமா இருக்கேன்னு நீ நெனைக்கிற. கோபம் ஆறிரும். இது அது இல்லை.

நேத்து சபீர் மெயில் போட்டிருந்தான். கைத்தடியை வினோத் என்ன செஞ்சான்னு உனக்குத் தெரியும். எனக்குச் சொல்லலை. கொல்லன் பட்டறைக்குக் கொண்டு போயி உடைச்சுப் பொடியாக்கிட்டானாம். அந்தப் பொடியை வாள்ல பூசினா வாள் நீலமா மின்னுமாம். அடி கூடாது, வேகம் கூடாது. மின்னும், அவ்வளவுதான். சந்தை நடுவுல நின்னு எல்லாரும் பார்க்கிற மாதிரி அதைச் சுத்திக்கிட்டு இருந்தானாம். சபீர் கேட்டதுக்கு, "எனக்குக் குடுத்தது, நான் உடைப்பேன்"னு சொல்லியிருக்கான்.

அவனை நான் குத்தம் சொல்லலை. குப்பைத் தொட்டியில ஏன் நாத்தம் வருதுன்னு யாரும் கேக்கிறதில்லை. நான் கேக்கிறது உன்னை.

ராத்திரி தூக்கம் இல்லாமப் பழசை எல்லாம் நெனச்சுப் பார்த்தேன். முன்னாடி பகடை உருட்டினா எல்லார் திரையிலயும் நம்பர் தெரியும். வினோத் வந்து சேர்ந்த கார்த்திகையில நீ அதை மாத்தின. தலைவனுக்கு மட்டும் தெரியிற மாதிரி வச்சுக்கிட்ட. "நம்பரைப் பார்த்துப் பார்த்து வயித்தெரிச்சல் வருது, நானே பார்த்துச் சொல்லிர்றேன்"னு சொன்ன. நாங்களும் சரின்னோம். உன்மேல சந்தேகப்படணும்னு யாருக்குத் தோணும். அதுக்கப்புறம் நல்ல பொருள் எதுலயும் வினோத் தோத்ததா எனக்கு ஞாபகம் இல்லை. அவனுக்கு ராசியான கைன்னு நானே ஒரு நாள் சொல்லிச் சிரிச்சிருக்கேன். இப்ப அந்தச் சிரிப்பை நெனச்சா என் மேலயே அருவருப்பா இருக்கு.

நம்பரை மாத்திச் சொன்னியா? ஆமாவா இல்லையா. குழு நிக்கணும், மனசு பெரிசுன்னு சுத்தி வளைக்காதே.

முருகலட்சுமி


தங்கச்சிமடம்
2 ஜூன் 2025

அக்கா,

ஆமா.

நாலு நாளா இதைச் சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன். சொல்லிட்டேன். இனி நான் சொல்றதையும் நீங்க கேளுங்க.

நீங்க பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் டீச்சர். லீவு முடிஞ்சா கதவு தானாத் திறக்கும், உங்க நாற்காலி அங்கனயே கெடக்கும். எனக்கு அப்பிடி இல்ல. நான் ஓட்டுற மீன்பிடி போட்டு வினோத்தோட அய்யாவுது. தடைக்காலம் முடியறப்ப எந்தப் போட்டுக்கு யார் டிரைவர்னு அவுக வீட்டு முத்தத்துல வச்சுப் பேசுவாக. பெரியவருக்கு உடம்பு விழுந்ததுல இருந்து வினோத் சொல்றதுதான் சட்டம். அவனுக்கு என்னைவிட எட்டு வயசு கம்மி. கடல்ல இறங்குனதே இல்ல.

அவன் என்கிட்ட "குடு, இல்லைன்னா எறங்கு"ன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும், நானும் ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன். கேம்ல பெட்டி திறக்கும். அவனுக்கு ஒண்ணு புடிக்கும். புடிச்சிருக்குன்னு சொல்லுவான். எல்லாம் முடிஞ்சு மத்தவுக போனதுக்கப்புறம், "அண்ணே, ஜூன்ல நம்ம போட்டுதானே?"ன்னு கேப்பான். சிரிச்சுக்கிட்டுத்தான் கேப்பான். அம்புட்டுத்தான். நீங்க என் எடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பீக? சொல்லுங்க.

இன்னொண்ணும் கேக்குறேன். தைப்பொங்கல் சமயத்துல உங்க மாமியா ஆஸ்பத்திரியில கெடந்தாக. நீங்க மைக்ல பேசவே இல்ல, குரலே செத்துப் போயி இருந்துச்சு. அப்ப ஒரு பச்சைக்கல் மோதிரம் விழுந்துச்சு, ஞாபகம் இருக்கா? பகடையில அது சபீருக்கு வந்துச்சு. நான் உங்க பேரைச் சொன்னேன். நீங்க சந்தோசப்பட்டீக, அன்னைக்குத்தான் ரொம்ப நாள் கழிச்சுச் சிரிச்சீக. அந்த மோதிரம் இப்பவும் உங்க கையிலதான இருக்கு. அதுக்கு மட்டும் நாத்தம் இல்லையா?

வினோத்துக்குப் பயந்து செஞ்சேன். உங்களுக்குப் பாசத்துல செஞ்சேன். கை ஒரே கைதான்.

ரெக்ஸ்


கடலாடி
5 ஜூன் 2025

ரெக்ஸ்,

உன் மெயிலைப் படிச்சப்ப வகுப்புல இருந்தேன். பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிட்டு வராண்டாவுக்கு வந்து நின்னேன்.

எனக்குத் தெரியாதுன்னு சொல்லலாம். உண்மைதான், தெரியாது. ஆனா நீ எழுதினதைப் படிச்ச உடனே எனக்கு வந்த மொத நெனப்பு என்ன தெரியுமா? "பரவாயில்லை, அது பாசத்துல குடுத்தது"ன்னு. அப்படித்தான் வினோத்தும் நெனச்சிருப்பான். ரெக்ஸ் அண்ணனுக்கு நம்ம மேல பாசம்னு.

சாயங்காலம் கேமைத் திறந்தேன். இந்த ஒரு வேலைக்காக. சபீரை வரச் சொல்லியிருந்தேன். துறைமுகப் படியில நின்னுக்கிட்டு இருந்தான். மோதிரத்தை நீட்டி, "இது உனக்கு விழுந்தது சபீர், எனக்கு இப்பத்தான் தெரியும்"னேன்.

அவன் ஒரு படி கீழே இறங்கி நின்னான். அப்புறம், "எனக்கு அப்பவே சந்தேகம்தான் அக்கா. நீங்க சந்தோசமா இருந்தீங்க, கேக்க மனசு வரலை"ன்னான்.

"இப்ப வாங்கிக்கோ."

"வேணாம் அக்கா. தப்பா நெனைக்காதீங்க. அதை என் பைக்குள்ள வைக்கவே ஒரு மாதிரி இருக்கு."

ஆக, அவனும் எனக்கு விட்டுக் குடுத்திருக்கான். அவன்கிட்டயும் யாரும் கேக்கலை.

மோதிரத்தைப் பட்டறையில குடுத்து உடைச்சேன். பொடி வந்துச்சு. எடுக்காம அப்படியே விட்டுட்டு வெளியே வந்துட்டேன்.

உன் இடத்துல நான் இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு கேட்ட. தெரியலை. ஒருவேளை நானும் பொருளைத் தூக்கி அவன்கிட்டயே குடுத்திருப்பேன். ஆனா, "எனக்கு வேற வழி இல்ல அக்கா, இதை நான் அவனுக்குத்தான் குடுக்கணும்"னு உன் காதுல சொல்லிட்டுக் குடுத்திருப்பேன். நீ அதைச் சொல்லியிருந்தா கைத்தடி என்ன, என் பையையே கவுத்துக் கொட்டியிருப்பேன். நீ பயந்ததுக்குப் பேரு என் பெரிய மனசுன்னு வச்ச பாரு.

தடைக்காலம் முடியப் போகுது. போட்டு கிடைச்சா நல்லபடியாப் போயிட்டு வா.

முருகலட்சுமி


தங்கச்சிமடம்
19 ஜூன் 2025

அக்கா,

போட்டு கெடச்சிருச்சு. மொத நடை போயிட்டும் வந்துட்டோம். இதை யார்கிட்டயாவது சொல்லணும். லீமாரோஸுக்குத் தெரியும், ஆனா அவகிட்ட சொல்ற மாதிரி நான் சொல்லலை, அவளே கண்டுபிடிச்சுக் கேட்டா.

எங்க போட்டுல பிடிக்கிற மீனெல்லாம் கரைக்கு வந்ததும் கம்பெனிக்குப் போயிரும். அதுக்கு முன்னால, ஏறுன ஆளுகளுக்கு வீட்டுக் கொழம்புக்குன்னு கொஞ்சம் மீன் பிரிக்கிறது வழக்கம். டிரைவர்தான் பிரிப்பாரு. அது யாரும் கணக்குப் பார்க்காத மீனு. ஆனா வீட்ல பொம்பளைக அதுக்குத்தான் அம்மி கழுவி வச்சுக்கிட்டு நிப்பாக.

எங்ககூட கில்பர்ட் அண்ணன்னு ஒருத்தர் வாராரு. எனக்கு மொதல்ல வலை இழுக்கச் சொல்லிக் குடுத்தவரு. அவரு மக ஜெப்சி பிள்ளை பெத்து வீட்ல இருக்கா. பால் சுரக்கலைன்னு பிள்ளை அழுதுக்கிட்டே கெடக்குதாம். இந்த நடையில வலைக்குள்ள ஒரு சின்னப் பால்சுறா வந்துச்சு. அதைப் புட்டு அவிச்சுக் குடுத்தாப் பால் ஊறும்னு எங்க பக்கம் குடுப்போம். கில்பர்ட் அண்ணன் அதைத் தனியா ஐஸ்ல வச்சுட்டு, "ஏலே ரெக்ஸு, இது என் பேத்திக்கு"ன்னாரு. சரிண்ணேன்னேன்.

விடிய போட்டு கட்டுற ஜெட்டிப் பாலத்துல வந்து நிக்கிறோம். வினோத் கார்ல வந்தான். கூட மூணு கூட்டாளிக, மதுரைப் பயலுக. நல்ல மீனா ஒரு பெட்டி வேணும்னான். இருந்த நண்டையும் வெளமீனையும் எடுத்து வச்சேன். அவன் ஐஸுக்குள்ள எட்டிப் பார்த்துட்டு, "அண்ணே, அந்தச் சுறா?"ன்னான்.

கில்பர்ட் அண்ணன் என்னையப் பார்த்தாரு.

நான் என்ன சொன்னேன்னு உங்களுக்கு எழுதவே கூசுது. "எடுத்துக்க தம்பி. கில்பர்ட் அண்ணன் விட்டுக் குடுத்துருவாரு"ன்னேன். யோசிச்சுச் சொல்லலை அக்கா. நாக்கு பழகிப் போச்சு. எச்சி துப்புற மாதிரி வந்து விழுந்துருச்சு. நான்தான் என் கையால எடுத்து அவன் பெட்டியில போட்டேன்.

கில்பர்ட் அண்ணன் மிச்சம் கெடந்த காரப்பொடி மீனை ஒரு பையில வாங்கிட்டுப் போயிட்டாரு. வைதிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

சாயங்காலம் டீசல் கணக்குப் பார்க்க மறுபடி ஜெட்டிக்குப் போனேன். வினோத் கார் நின்ன எடத்துல அந்தப் பெட்டி அப்படியே கெடக்குது. ஐஸ் உருகி, ஈ மொச்சு, சுறா வயிறு ஊதிக் கெடக்கு. காருக்குள்ள வாடை வரும்னு கூட்டாளிக வேணாம்னுட்டாங்களாம். நாய் கூட மோந்துட்டுப் போயிருச்சு. நான் அங்கனயே குனிஞ்சு வாந்தி எடுத்தேன். பொறந்ததுல இருந்து மீன் வாடையில கெடக்கிறவன், மீனுக்கு வாந்தி எடுத்தேன்னு சொன்னா யாரு நம்புவா.

வீட்டுக்கு வந்தா லீமாரோஸ் கேக்குறா, "கில்பர்ட் அண்ணன் வீட்ல இன்னைக்கு என்ன கொழம்பு?" ஊருக்கே தெரிஞ்சிருக்கு.

கடல்ல ஒரு நாளும் நான் இப்பிடிப் பிரிச்சதில்ல அக்கா. அந்தக் கேம்லதான் பழகுனேன். அங்க யாருக்கும் வலிக்காதுன்னு நெனச்சுப் பழகுனேன்.

ரெக்ஸ்


கடலாடி
21 ஜூன் 2025

ரெக்ஸ்,

என்கிட்ட ஏன் சொல்ற. நான் உங்க சர்ச் பங்குச்சாமி இல்லை, பாவத்தைக் கேட்டுட்டு மன்னிச்சேன்னு சொல்ல.

அந்தப் பிள்ளை இன்னைக்கும் அழுதுக்கிட்டுத்தான் இருக்கும். உனக்கு மனசு லேசாகணும்னு என்னைத் தேடி எழுதுற. கில்பர்ட் அண்ணன் வீடு உன் வீட்டுல இருந்து எவ்வளவு தூரம்? அங்கே போய் நில்லு. கதவைச் சாத்தினா சாத்தின கதவுக்கு முன்னால நில்லு.

பழகின நாக்குன்னு எழுதியிருக்க. பழக்கினது நீ. வினோத் உன்கிட்ட ஒரு விஷயத்தைக் கத்துக்கிட்டான். அவனுக்கு வேண்டியதை அவன் பிடுங்க வேண்டியதில்லை. அடுத்தவன் விட்டுக் குடுத்துட்டதா நீயே எல்லார்கிட்டயும் சொல்லிருவ. அவன் கை சுத்தமா இருக்கும். இனிமே அவன் உன்னைப் போட்டுல இருந்து இறக்கவே மாட்டான். நீ அவனுக்கு அவ்வளவு வசதி.

இதை விட மோசமா எழுத எனக்குத் தெரியலை. தெரிஞ்சா எழுதியிருப்பேன்.

முருகலட்சுமி


தங்கச்சிமடம்
2 ஜூலை 2025

அக்கா,

நீங்க எழுதுனதைப் படிச்சு ரெண்டு நாள் உங்க மேல கோவமா இருந்தேன். மூணாவது நாள் கில்பர்ட் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

வேற போட்டுக்காரன்கிட்ட சொல்லி வச்சு ஒரு பால்சுறா வாங்கிட்டுத்தான் போனேன். அண்ணன் வெளிய வரலை. ஜெப்சிதான் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தா. "அய்யா படுத்திருக்காக"ன்னா. உள்ள டிவி சத்தம் கேக்குது. பையை நீட்டினேன். "வேணாம்ணே. அய்யா அன்னைக்கே வேற எடத்துல வாங்கியாந்துட்டாக. பால் இப்ப நல்லா இருக்கு"ன்னா. மரியாதையாத்தான் சொன்னா. பையோட திரும்பி வந்தேன். லீமாரோஸ் அதை வாங்கி அடுப்படியில வைக்கவே விடலை. பக்கத்து வீட்டு இருளம்மாளுக்குக் குடுத்துட்டா.

அடுத்த நடைக்கு ஏறுனோம். அண்ணன் என்கிட்ட வேலைப் பேச்சு மட்டும் பேசுனாரு. இழு, விடு, சரி. அவ்வளவுதான்.

வலை ஏத்தி முடிச்சு, கரை கண்ணுக்குத் தெரியிறதுக்கு முன்னாலயே எஞ்சினை நிறுத்தினேன். எல்லாரையும் மேல்தட்டுல உக்காரச் சொல்லிக் கொழம்பு மீனை நடுவுல கொட்டினேன். "இன்னைக்கு நான் பிரிக்கலை. கூறு போடுங்க. ஆளுக்கு ஒண்ணா நீங்களே எடுங்க. கடைசிக் கூறு எனக்கு"ன்னேன். ஒருத்தரும் அசையலை. சந்தேகமாப் பார்த்தாங்க. எவனாவது இப்ப வந்து பிடுங்குவானோன்னு கடலைப் பார்த்தாங்க. அப்புறம் கில்பர்ட் அண்ணன்தான் மொத கூறை எடுத்துத் தன் பையில போட்டுக்கிட்டாரு. என்னையப் பார்க்கலை.

ஜெட்டியில வினோத் நின்னான்.

"என் பெட்டி எங்கண்ணே?"

"பிரிச்சாச்சு தம்பி."

"யாரைக் கேட்டுப் பிரிச்சீங்க?"

"யாரையும் கேக்கிறதில்ல. போட்டுல ஏறுன ஆளுக்குத்தான் கொழம்பு மீன். எப்பவும் அதுதான் வழக்கம்."

அவன் கத்துவான்னு பார்த்தேன். "சரிண்ணே"ன்னு சிரிச்சான். ஃபோனை எடுத்துக்கிட்டே போயிட்டான்.

அடுத்த நடைக்கு ஜெட்டிக்குப் போனா என் எடத்துல வேற ஆள் நிக்கிறாரு. யாரும் எனக்காக ஒரு வார்த்தை கேக்கலை. கேக்கணும்னு நானும் நெனைக்கலை, அவுகளுக்கும் வீடு இருக்கு. கில்பர்ட் அண்ணன் அதே போட்டுலதான் போறாரு. போட்டு வெலகிப் போறப்ப என் பக்கம் பார்த்தாரு. தலையை ஆட்டுனாரோ, இல்ல அலையில போட்டு ஆடுச்சோ, தெரியலை.

இப்ப லீமாரோஸோட தம்பிகூடப் பாம்பன்ல இருந்து நாட்டுப்படகுல போறேன். சின்ன வலை. அன்னன்னைக்குப் போயி அன்னன்னைக்கு வாரோம்.

கேம்ல வினோத் குழுவை விட்டுப் போயிட்டான். அவன் ஆளுகளையும் கூட்டிட்டு, பொதுப் பெட்டியில நாம நாலு வருஷமாச் சேத்து வச்சிருந்த எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டான். பெட்டிச் சாவியை அவனுக்குக் குடுத்தது நான்தான்கிறதை நீங்க சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிர்றேன். தலைமையைச் சபீர் கையில குடுத்துட்டேன். அவன் மொத வேலையாப் பகடை நம்பரை எல்லாருக்கும் தெரியிற மாதிரி மாத்திட்டான். நாங்க மூணு பேருதான் மிச்சம். நான், சபீரு, தங்கப்பாண்டி. பெட்டிப் பக்கம் நான் போறதில்ல.

நீங்க வாங்கக்கா. ஹீலர் இல்லாம செத்துக்கிட்டே கெடக்கோம்.

ரெக்ஸ்


கடலாடி
9 ஜூலை 2025

ரெக்ஸ் தம்பி,

நீ செஞ்சது சரி. இதை எழுதணும்னுதான் உக்காந்தேன், முதல்ல எழுதிட்டேன்.

நான் குழுவுக்கு வரலை. நீ செஞ்சது சரின்னு தெரியிறதும், உன்கூட மறுபடி விளையாட மனசு வராததும் எனக்குள்ள ஒண்ணாவே இருக்கு. ஒண்ணு மத்ததைக் கரைக்க மாட்டேங்குது. உன் குரல் ஹெட்ஃபோன்ல வந்தா அதுக்குப் பின்னால அந்தச் சொல்லையும் சேர்த்துத்தான் கேப்பேன். இதுக்காக நீ வருத்தப்படு, பரவாயில்லை. வருத்தப்பட வேண்டியதுதான்.

ஒருநாள் நீயும் லீமாரோஸும் இந்தப் பக்கம் வரணும். ராமநாதபுரத்துல இருந்து பஸ் இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கும் உன்னைப் பார்க்கணுமாம். நாலு வருஷம் என்னை ராத்திரியில சிரிக்க வச்ச பயல் யாருன்னு பார்க்கணும்னாக. சாப்பிட்டுப் போகலாம். கேம் பேச்சு மட்டும் வேண்டாம்.

ஒரு விஷயம் வீட்டுல நடந்துச்சு. கொழுந்தன் மகளுக்குப் படிக்க இடம் வேணும்னு என் கம்ப்யூட்டர் மேஜையை முன்ரூமுக்குத் தூக்கப் பார்த்தாங்க. "லட்சுமி ஒண்ணும் சொல்ல மாட்டா"ன்னு மாமியார் சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. நான் கையைத் துடைச்சுட்டு வந்து, "என்கிட்ட கேளுங்க"ன்னேன். எல்லாரும் நின்னுட்டாங்க. கடைசியில அந்தப் பிள்ளைதான், "பெரியம்மா, சாயங்காலம் மட்டும் எனக்குத் தர்றீங்களா"ன்னு கேட்டுச்சு. தர்றேன்னேன். இப்ப சாயங்காலம் அது படிக்குது. மத்த நேரம் மேஜை எனக்கு.

கேமை நான் விடலை. வேற ஒரு குழுவுல சேர்ந்திருக்கேன். யார் யாரோ, எந்த ஊரோ, இங்கிலீஷ்ல டைப் பண்ணிக்கிறோம். யாரும் யார்கூடவும் பேசிச் சிரிக்கிறதில்லை. எனக்கு அது இப்ப போதும்.

போன சனிக்கிழமை ஒரு பாஸ் விழுந்துச்சு. பெட்டியில ஒரு செருப்பு, ஹீலரும் போடலாம், வில் எய்யிறவங்களும் போடலாம். பகடை உருட்டினோம். எல்லார் திரையிலயும் நம்பர் வந்துச்சு. எனக்குத்தான் அதிகம். நான் எடுக்கலை. கையை மௌஸ் மேல வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். இப்ப யாராவது ஒருத்தன் ஏதாவது சொல்வான், இப்ப தலைவன் என் பேரைச் சொல்லி ஒண்ணு சொல்வான்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

ஒருத்தன் எழுதினான், "உங்களுக்குத்தான் விழுந்திருக்கு, ஏன் எடுக்க மாட்டேங்கிறீங்க?"

இவனுக்கு என்கிட்ட என்ன வேணும்னுதான் எனக்கு முதல்ல தோணுச்சு. அவனுக்கு ஒண்ணும் வேண்டாம். அடுத்த அறைக்குப் போகணும், நேரமாச்சு, அவ்வளவுதான்.

எடுத்துப் போட்டுக்கிட்டேன். கால்ல நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒவ்வொரு அறைக்குள்ள நுழையும்போதும், யாராவது திருப்பிக் கேக்க வர்றாங்களான்னு ஒரு தடவை பின்னாடி திரும்பிப் பார்த்துட்டுத்தான் போறேன்.

முருகலட்சுமி